தாடை எலும்புக்குள் நீர்க்கட்டி: நேராக எடுத்துவிடலாமா, பயாப்சி முதலில் தேவையா?

கரிசல்மகள் எழுதியது:

மன்றத்திலுள்ள பல் மருத்துவர்களுக்கும், இந்த வழியைக் கடந்து வந்தவர்களுக்கும் வணக்கம். என் தம்பிக்கு வயது 22. சொத்தைப் பல் ஒன்றை அடைப்பதற்காக எங்கள் ஊரிலுள்ள பல் மருத்துவமனை ஒன்றுக்குச் சென்றபோது முழுத்தாடை எக்ஸ்ரே, அதாவது ஓபிஜி, எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கீழ்த்தாடையின் வலப்பக்கம் ஞானப்பல் முளைக்காமல் எலும்புக்குள்ளேயே படுத்தவாக்கில் கிடக்கிறது; அதைச் சுற்றித் தொடங்கும் கறுப்பு நிழல் காதுப் பக்கமாக மேலேறிச் செல்லும் எலும்புவரை நீண்டிருக்கிறது. வலியோ வீக்கமோ இல்லை. முகமும் இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே இருக்கிறது.

"இது டென்டிஜெரஸ் சிஸ்ட், வெறும் நீர்க்கட்டிதான். வரும் வாரம் பல்லையும் கட்டியையும் சேர்த்து எடுத்துவிடலாம், மரத்துப்போகும் ஊசியே போதும்" என்று அங்கிருந்த மருத்துவர் சொல்லிவிட்டார். பயாப்சி தேவையில்லையா என்று கேட்டதற்கு, எடுத்த பிறகு அனுப்பிக்கொள்ளலாம் என்றார். அம்மாவோ இது புற்றுநோயா என்ற ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார். வெளியுலகையே பார்க்காத ஒரு பல்லிலிருந்து கட்டி எப்படி வருகிறது, இந்த அவசரம் சரிதானா என்பதை விளக்கினால் உதவியாக இருக்கும்.

நுண்ணோக்கி எழுதியது:

வாய்நோய்க் குறியியல் துறையில், நோயாளியின் திசுத்துண்டை மெல்லியதாகச் சீவிக் கண்ணாடி ஸ்லைடில் வைத்து நுண்ணோக்கியில் பார்ப்பது என் வேலை. கட்டி எப்படி வருகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். அவசரம் சரியா என்ற கேள்விக்கான விடையும் அதற்குள்ளேயே இருக்கிறது.

கரு வளரத் தொடங்கிய ஆறாவது வாரத்தை ஒட்டி, வாயின் உட்புறத்தை மூடியிருக்கும் மேல்படலம் தாடைக்குள் ஒரு பட்டையாக இறங்குகிறது. அந்தப் பட்டையிலிருந்து ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு மொட்டு கிளம்பி, படிப்படியாக வடிவம் மாறி, உள்பக்கம் இருக்கும் செல்கள் எனாமலைப் படியவைக்கின்றன. வேலை முடிந்ததும் இந்தத் திசு முழுவதும் கரைந்துபோக வேண்டும். ஆனால் யாருக்கும் முழுவதுமாகக் கரைவதில்லை. பட்டையின் துணுக்குகள் ஈறிலும் எலும்பிலும் தங்கிவிடுகின்றன. வேருக்கு வடிவம் கொடுத்த உறையின் துணுக்குகள் வேரைச் சுற்றியுள்ள நார்த்திசுவில் சின்னச் சின்னத் தீவுகளாக வாழ்நாள் முழுவதும் கிடக்கின்றன; 1885இல் பிரான்ஸ் நாட்டு மருத்துவர் மலசே விவரித்ததால் அவற்றை இன்றும் மலசே எச்சங்கள் என்றே சொல்கிறோம். முளைக்காத பல்லின் தலையை மூடியபடி ஒரு மெல்லிய உறையும் இருக்கும்; பல் வெளியே வரும்போதுதான் அது மறையும்.

இந்த எச்சங்களில் எது விழித்துக்கொள்கிறது என்பதைப் பொறுத்துக் கட்டியின் குணம் மாறுகிறது. பல்லின் உயிர்நரம்பு செத்து, வேர்நுனியில் அழற்சி உண்டாகி, மலசே எச்சங்கள் தூண்டப்பட்டால் வருவது ரேடிகுலர் சிஸ்ட். தாடை நீர்க்கட்டிகளில் மிக அதிகமாகக் காணப்படுவது அதுதான். முளைக்காத பல்லின் தலைக்கும் அதன் உறைக்கும் இடையில் நீர் சேர்ந்தால் அது டென்டிஜெரஸ் சிஸ்ட். எண்ணிக்கையில் அடுத்த இடம் அதற்கு. பட்டையின் துணுக்குகளிலிருந்து பிறப்பதாகக் கருதப்படுவது கெரட்டோசிஸ்ட். அமிலோபிளாஸ்டோமா என்ற கட்டி இந்த எச்சங்களில் எதிலிருந்தும், ஏற்கெனவே உள்ள ஒரு சிஸ்டின் சுவரிலிருந்தும்கூட எழலாம் என்று கருதப்படுகிறது. அதன் செல்கள் எனாமல் உருவாக்கும் செல்களைப் போலவே வரிசையாக நிற்கும், ஆனால் எனாமலை மட்டும் ஒருபோதும் உருவாக்காது.

தம்பியின் படத்தில் கறுப்பு நிழல் இருக்கும் இடம், கடைவாய்ப் பற்களுக்குப் பின்னால் எலும்பு மேலேறும் பகுதி. டென்டிஜெரஸ் சிஸ்ட், கெரட்டோசிஸ்ட், அமிலோபிளாஸ்டோமா ஆகிய மூன்றுமே மிகவும் விரும்பி உட்காரும் இடம் அதுதான். ஒன்றுக்குச் செய்யும் அறுவை மற்றொன்றுக்குப் போதாது. ஆகவே பெயர் தெரிவதற்கு முன்பே கத்தியைக் கையில் எடுப்பதை நான் ஏற்கமாட்டேன்.

பொருநைக்கரை எழுதியது:

தென்மாவட்டம் ஒன்றில் முகத்தாடை அறுவை மருத்துவராக இருக்கிறேன். முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள்: பல் உருவாக்கத் திசுவிலிருந்து வரும் இந்தக் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. வேகமாக வளர்வது, கீழுதடு மரத்துப்போவது, காரணமில்லாமல் பற்கள் ஆடுவது, விடாத வலி ஆகியவை இருந்தால்தான் நாங்கள் அந்தப் பக்கம் யோசிப்போம். தம்பிக்கு அவை எதுவும் இல்லை என்பது நல்ல செய்தி.

எக்ஸ்ரேயைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதில் தெரிவது எலும்பு இல்லாத இடம் மட்டுமே. அந்த இடத்தை நிரப்பியிருப்பது எது என்பதை அது சொல்லாது. ஊகிக்கச் சில தடயங்கள் உண்டு. முளைக்காத பல்லின் தலையைச் சுற்றி ஓரளவு இடைவெளி இருப்பது இயல்பு. மூன்று நான்கு மில்லிமீட்டரைத் தாண்டினால் சந்தேகிக்கிறோம். நிழலின் விளிம்பு பல்லின் கழுத்தில் சரியாகப் பிடித்துக்கொண்டிருந்தால் டென்டிஜெரஸ் என்ற எண்ணம் வரும். அமிலோபிளாஸ்டோமா வழக்கமாக எலும்பை வெளிப்பக்கம் புடைக்கவைக்கும், பக்கத்துப் பற்களின் வேர்களைக் கத்தியால் சீவியதுபோல் தின்றிருக்கும், பல அறைகளாகப் பிரிந்த நுரைக் குமிழிகள்போலத் தெரியும். கெரட்டோசிஸ்ட் அப்படியல்ல, எலும்பின் உட்புற மஜ்ஜை வழியாக நீளவாக்கில் ஊர்ந்துபோகுமே தவிர வெளியே புடைக்காது. அதனால்தான் பாதித் தாடையைக் குடைந்த பிறகும் நோயாளிக்கு எதுவும் தெரிவதில்லை. வேறு ஏதோ பல்லுக்காக எடுத்த படத்தில்தான் அகப்படும்.

நீங்கள் எழுதியிருப்பதில் என்னை நிறுத்தியது இதுதான்: நிழல் அவ்வளவு தூரம் மேலேறியும் வீக்கம் இல்லை. இருந்தாலும் இது ஊகமே. முதலில் தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் எடுத்து, கீழுதட்டுக்கு உணர்வு தரும் நரம்பு கட்டியிலிருந்து எவ்வளவு தூரத்தில் போகிறது, உள்பக்க எலும்பு அரிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு தடித்த ஊசியால் உள்ளே இருப்பதை உறிஞ்சிப் பார்ப்போம். வைக்கோல் நிறத்தில், வெளிச்சத்தில் காட்டினால் கொழுப்புப் படிகங்கள் மினுங்கும் நீர் வந்தால் ஒரு பக்கம். பாலாடைக்கட்டி உதிர்ந்ததுபோல் வெள்ளையாகக் கெட்டியாக வந்தால் கெரட்டோசிஸ்ட் பக்கம். சிரிஞ்சு நிறையப் புது ரத்தம் ஏறினால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும், ஏனென்றால் அது எலும்புக்குள் இருக்கும் ரத்தக்குழாய்க் கட்டியாக இருக்கக்கூடும். அதைத் திறந்தால் நோயாளி நாற்காலியிலேயே ஆபத்துக்குள்ளாவார். இந்த ஊசிச் சோதனையைச் செய்யாமல் எலும்புக்குள் இருக்கும் எந்தக் கறுப்பு நிழலையும் திறக்கக் கூடாது என்பது எங்கள் துறையில் முதலாண்டு மாணவருக்கும் தெரிந்த விதி. அதன் பிறகு, மரத்துப்போகும் ஊசி போட்டு, எலும்பில் சிறு சன்னல் வைத்து, கட்டியின் சுவரில் ஒரு துண்டு எடுத்து அனுப்பினால் போதும்.

நாலுந்தெரிந்தவன் எழுதியது:

மருத்துவர்கள் மீது மரியாதை உண்டு. ஆனால் இரண்டுமுறை வாயைக் கிழிப்பது எதற்கு என்பது எனக்கு விளங்கவில்லை. என் முன்பல்லின் வேரில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு நிழல் இருந்தது. பயாப்சி எதுவும் எடுக்காமல் ரூட் கெனால் மட்டும் செய்தார்கள். அடுத்த ஆண்டு எக்ஸ்ரேயில் எலும்பு நிரம்பியிருந்தது. எல்லாவற்றையும் பெரிதாக்கி, மக்களைப் பயமுறுத்திச் செலவு வைப்பதுதான் இன்று நடக்கிறது.

நுண்ணோக்கி எழுதியது:

உங்களுக்குச் செய்தது முற்றிலும் சரியான சிகிச்சை. அதையே தம்பிக்குப் பொருத்த முடியாது என்பதுதான் வேறுபாடு. உங்கள் பல் செத்திருந்தது, நிழல் அதன் வேர்நுனியில் இருந்தது, அளவும் சிறியது. செத்த பல்லுக்குள் இருந்த கிருமிதான் காரணம் என்பதால், கிருமியை வெளியேற்றி வழியை அடைத்ததும் உடலே மீதி வேலையைப் பார்த்துக்கொண்டது. அது வெறும் அழற்சித் திசுவா உண்மையான சிஸ்டா என்பதுகூட அங்கே தெரியாமலேயே ஆறியிருக்கும். ஒருவேளை ஆறாமல் போயிருந்தால் வேர்நுனியை வெட்டி, கட்டியைச் சுரண்டி எடுத்து, ஸ்லைடுக்கு அனுப்பியிருப்பார்கள்.

நேர்மாறாக நடப்பதையும் சொல்கிறேன். நிழல் வேர்நுனியில் இருக்கிறது, ஆனால் பல் உயிரோடு இருக்கிறது. குளிர்ச்சி வைத்துப் பார்த்தால் சுரீர் என்கிறது. அப்போது அது ரேடிகுலர் சிஸ்டாக இருக்க முடியாது. அந்தச் சோதனையைச் செய்யாமல் நல்ல பல்லுக்கு ரூட் கெனால் செய்து, நிழல் குறையவில்லையே என்று மறுபடியும் செய்து, கடைசியில் அது கெரட்டோசிஸ்ட் என்று தெரிந்து எங்களிடம் வந்த ஸ்லைடுகள் உண்டு.

மூன்றாம்கால் எழுதியது:

மருத்துவம் படித்தவனல்ல, அமிலோபிளாஸ்டோமா வந்து பிழைத்தவன் என்ற தகுதியில் எழுதுகிறேன். எனக்கு இடது கீழ்த்தாடையில் முட்டை அளவு வீக்கம் இருந்தது. அழுத்தினால் முட்டை ஓடு நொறுங்குவதுபோல் ஒரு சத்தம் கேட்கும். முதலில் போன இடத்தில் நீர்க்கட்டி என்று சொல்லிச் சுரண்டி எடுத்தார்கள். எடுத்ததை எங்கும் அனுப்பவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. சில ஆண்டுகள் நன்றாகத்தான் இருந்தது. பிறகு அதே இடம் மறுபடியும் புடைத்தது. இந்தமுறை வேறு மருத்துவமனையில் முறைப்படி பயாப்சி எடுத்துப் பெயரைச் சொன்னார்கள். கட்டி இருந்த தாடைப் பகுதியை இரண்டு பக்கமும் நல்ல எலும்போடு சேர்த்து வெட்டி எடுத்து, காலிலிருந்து ஃபிபுலா எலும்பை அதன் ரத்தக்குழாயுடன் கொண்டுவந்து, தாடை வளைவுக்கு ஏற்ப நறுக்கி, தகடு வைத்துப் பொருத்தினார்கள். கழுத்து ரத்தக்குழாயோடு அந்தக் குழாயை நுண்ணோக்கியின் கீழ் தைத்தார்கள். அறுவை பகல் முழுவதும் நீடித்ததாக வீட்டார் சொன்னார்கள்.

இன்று நடக்கிறேன், மாடி ஏறுகிறேன். ஒட்டிய எலும்பில் இம்பிளான்ட் வைத்துப் பல்லும் கட்டியாகிவிட்டது. கீழுதட்டின் இடது பாதி மட்டும் இன்னும் மரத்தே இருக்கிறது. காபி சூடாக இருக்கிறதா என்பதை வலப்பக்கத்தால்தான் பார்த்துக்கொள்வேன். முதல் தடவை எடுத்த துண்டை யாராவது ஒரு ஸ்லைடாக்கியிருந்தால் இவ்வளவு எலும்பை இழந்திருக்க வேண்டியதில்லை என்று பின்னால் வந்த மருத்துவர் சொன்னார். அதனால்தான் எழுதுகிறேன், சகோதரி.

பொருநைக்கரை எழுதியது:

நண்பர் சொல்வதற்குப் பின்னால் உள்ள காரணம் இது. வழக்கமான அமிலோபிளாஸ்டோமாவுக்குச் சுற்றி உறை கிடையாது. எக்ஸ்ரேயில் தெரியும் விளிம்பைத் தாண்டி, எலும்பின் நுண்ணிய துளைகளுக்குள் அதன் செல்கள் சில மில்லிமீட்டர் தூரம் ஊடுருவியிருக்கும். சுரண்டி எடுத்தால் அவை அங்கேயே இருந்துவிடும். அப்படிச் செய்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குத் திரும்பி வருகிறது. அதனால் ஒரு சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல் நல்ல எலும்பையும் சேர்த்து வெட்டுகிறோம். இளவயதினருக்கு வரும் ஒற்றை அறை வகை சற்றே சாது. அதிலும் கட்டி சிஸ்டின் உட்புறத்தோடு நிற்கிறதா, சுவருக்குள் இறங்கிவிட்டதா என்பதைப் பொறுத்துச் சிகிச்சை மாறும். தம்பியின் வயதில், ஞானப்பல்லைச் சுற்றி, அச்சு அசலாக டென்டிஜெரஸ் சிஸ்ட் மாதிரியே வேடம் போட்டு வருவது இந்த ஒற்றை அறை வகைதான்.

2014இல் வெளியான ஆய்வுகளுக்குப் பிறகு ஒரு புதிய கதவும் திறந்திருக்கிறது. கீழ்த்தாடை அமிலோபிளாஸ்டோமாக்களில் பெரும்பாலானவற்றில் பி-ராஃப் என்ற மரபணுவில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் இருப்பது தெரியவந்தது. தோல் புற்றுநோயான மெலனோமாவில் காணப்படும் அதே மாற்றம். அதைத் தடுக்கும் மாத்திரைகளால் கட்டி சுருங்கிய நோயாளிகள் பதிவாகியிருக்கிறார்கள். வெட்ட முடியாத நிலையில் உள்ளவர்களுக்கு இது நம்பிக்கைதான். ஆனால் வெட்டி எடுக்க முடிந்தவர்களுக்கு இன்றைக்கும் அறுவையே முதல் வழி.

கரிசல்மகள் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. அந்த மருத்துவமனையில் குறித்திருந்த நாளைத் தள்ளிவைத்துவிட்டு, அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குத் தம்பியை அழைத்துச் சென்றோம். ஊசியால் உறிஞ்சியபோது தயிர்த் திப்பியைப் போல வெள்ளையாக வந்தது. துண்டு எடுத்து அனுப்பிய பரிசோதனையின் முடிவு இன்று கிடைத்தது: "ஓடோன்டோஜெனிக் கெரட்டோசிஸ்ட், அழற்சியுடன்." வாயடைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறோம். இணையத்தில் ஒரு பக்கம் இதை டியூமர் வகைக் கட்டி என்கிறது, இன்னொரு பக்கம் வெறும் நீர்க்கட்டி, அதாவது சிஸ்ட் என்கிறது. எதை நம்புவது?

நுண்ணோக்கி எழுதியது:

இரண்டுமே வெவ்வேறு காலத்தில் அதிகாரப்பூர்வமாக இருந்தவைதான். 1956இல் பிலிப்சன் இதைத் தனியாகப் பெயரிட்டார். திரும்பத் திரும்ப வருவதாலும், பி.டி.சி.எச். 1 என்ற மரபணுவில் மாற்றம் காணப்பட்டதாலும் 2005இல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு இதைக் கட்டிகளின் பட்டியலுக்கு மாற்றியது. அதே மரபணு மாற்றம் வேறு சிஸ்டுகளிலும் தென்படுகிறது, வெறுமனே துளையிட்டு வடியவிட்டாலே இது சுருங்கவும் செய்கிறது, கட்டி என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்று கருதி 2017இல் மறுபடியும் சிஸ்டுகளோடு சேர்த்துவிட்டார்கள். பட்டியலில் இடம் மாறியதால் அதன் நடத்தை மாறிவிடவில்லை. வெறுமனே தோண்டி எடுத்தால் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குத் திரும்பும் என்பதுதான் நீங்கள் நினைவில் வைக்க வேண்டிய கணக்கு.

ஏன் திரும்புகிறது என்பதை ஸ்லைடில் பார்த்தால் புரியும். கட்டியின் உட்படலம் ஆறு முதல் எட்டுச் செல் தடிமன்தான். அடிவரிசைச் செல்கள் கறுத்து, வேலிக்கால் நட்டதுபோல் ஒரே சீராக நிற்கும். மேற்பரப்பு அலையலையாக நெளிந்து, நகத்திலும் முடியிலும் உள்ள கெரட்டின் என்ற புரதத்தை உதிர்த்துக்கொண்டிருக்கும். இந்தப் படலத்துக்கும் அடியிலுள்ள சுவருக்கும் பிடிப்பே இல்லை. எங்கள் மேசைக்கு வரும்போதே பல இடங்களில் உரிந்து தனியாகக் கிடக்கும். அறுவையின்போதும் அப்படியே கிழிந்து, ஒரு துணுக்கு எலும்போடு தங்கினால் அதிலிருந்து அடுத்த கட்டி. சுவருக்குள் குட்டிக் கட்டிகள் இருப்பதும் உண்டு.

"அழற்சியுடன்" என்று எழுதியிருப்பதால் ஒரு வேண்டுகோள். அழற்சி பட்ட இடத்தில் இந்தப் படலம் தடித்து, கெரட்டினை இழந்து, சாதாரண சிஸ்ட்போல் மாறிவிடும். உங்களுக்கு வேறு ஒரு பகுதியில் உண்மை முகம் தெரிந்திருக்கிறது, அதனால்தான் பெயரைச் சொல்ல முடிந்தது. கெரட்டின் படலம் எந்த வகை என்று முடிவில் எழுதியிருக்கிறதா பாருங்கள். செல்லின் கரு தங்கியிருக்கும் வகைதான் கெரட்டோசிஸ்ட். கரு இல்லாத வகையை 2017 முதல் தனி நோயாகவே பிரித்திருக்கிறார்கள், அது திரும்புவது அரிது. எழுதவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். அதைக் கேட்பதில் தவறே இல்லை.

பொருநைக்கரை எழுதியது:

இனி சிகிச்சை. தம்பியின் ஸ்கேனில் கட்டியின் அடிப்பகுதி நரம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் என்றே எதிர்பார்க்கிறேன். இந்த அளவுக் கட்டிக்கு என் தேர்வு இரண்டு கட்டமானது. முதலில் கட்டியில் ஒரு வாசல் வைத்து, சிறு குழாய் ஒன்றைத் தைத்துவிடுவோம். தம்பியே தினமும் சிரிஞ்சால் உப்புநீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும். உள்ளழுத்தம் போனதும் பல மாதங்களில் கட்டி சுருங்கும், சுற்றி எலும்பு நிரம்பும், நரம்பிலிருந்து விலகும், கிழிந்துபோகும் அந்த உட்படலமும் தடித்துக் கையாள எளிதாகும். பிறகு மீதியைப் பல்லோடு சேர்த்து எடுத்துவிடலாம். இந்த வழியில் உதடு மரத்துப்போகும் வாய்ப்பும் தாடை முறியும் வாய்ப்பும் வெகுவாகக் குறைகின்றன.

வாவிக்கரை எழுதியது:

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன், பேராதனைப் பல் மருத்துவ பீடத்தில் கற்று, இப்பொழுது வாய், முக சத்திரசிகிச்சைப் பிரிவொன்றில் பணியாற்றுகிறேன். பொருநைக்கரை அவர்களின் திட்டம் பாடநூலின்படி அழகானது. ஆனால் அது முழுவதும் நோயாளியின் கையில் இருக்கிறது என்பதை அவர் சற்றே மெல்லமாகச் சொல்லிச் சென்றுவிட்டார் என்று எண்ணுகிறேன். குழாய் வைத்து அனுப்பிய இளைஞர்களில் பலர் வலி எதுவும் இல்லாதபடியால் கழுவுவதை நிறுத்திவிடுகின்றனர். வேலை தேடி வெளிநாடு சென்றுவிடுகின்றனர். இரண்டாவது கட்டத்திற்கு வருவதேயில்லை. வாசல் மூடிக்கொள்கிறது, கட்டி மீண்டும் வளர்கிறது.

ஆகையால், ஒரே முறையில் கட்டியைத் தோண்டி எடுத்து, அதன் சுற்றெலும்பைச் சுழல்கருவியால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவுக்குச் சீவி, குழியில் கார்னாய் கரைசலைச் சில நிமிடங்கள் வைத்து எஞ்சிய கலங்களைக் கொல்லுவதே எனது தெரிவு. கட்டி எலும்பைத் துளைத்து ஈறைத் தொட்டிருக்கும் இடத்தில் அந்த ஈற்றுத் திசுவையும் சேர்த்தே வெட்டிவிட வேண்டும். அங்கே பட்டையின் துணுக்குகள் நிறைய இருக்கும். இவற்றை ஒழுங்காகச் செய்தால் மீள்வருகை மிகவும் குறைகிறது.

பொருநைக்கரை எழுதியது:

வாவிக்கரை அவர்கள் சொல்லும் குறைபாடு உண்மை. எனக்கும் அப்படிக் காணாமல் போனவர்கள் உண்டு. ஆனால் நரம்பு திறந்து கிடக்கும் குழியில் கார்னாய் கரைசலை வைப்பதற்கு நான் தயங்குகிறேன். ஆல்கஹால், குளோரோஃபார்ம், அசெட்டிக் அமிலம், ஃபெரிக் குளோரைடு கலந்த அந்தக் கரைசல் கட்டிச் செல்லுக்கும் நரம்புக்கும் வேறுபாடு பார்ப்பதில்லை. குளோரோஃபார்ம் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்பதால் பல நாடுகளில் அதை நீக்கிய கலவையையே பயன்படுத்துகிறார்கள்; அது அதே அளவுக்குப் பயன் தருகிறதா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. அண்மைக்காலமாக, செல்கள் பெருகுவதைத் தடுக்கும் 5-ஃப்ளூரோயுராசில் என்ற மருந்துக் களிம்பை நாடாத்துணியில் தடவிக் குழியில் ஒருநாள் வைத்து எடுக்கும் முறையும் நல்ல முடிவுகளைக் காட்டியிருக்கிறது, நரம்புக்கும் அது குறைந்த தீங்கே செய்கிறது.

வாவிக்கரை எழுதியது:

நரம்பு திறந்திருந்தால் நானும் கார்னாய் வைப்பதில்லை. அந்தப் பகுதியைத் தவிர்த்து மற்றச் சுவர்களுக்கே இடுவேன். ஆனாலும் 22 வயது மாணவனை அடுத்த ஓராண்டுக்கு நாள்தோறும் சிரிஞ்சோடு நிற்கவைக்க முடியுமா என்ற கேள்விக்கு நீங்களோ நானோ விடை சொல்ல முடியாது. அவரையும் அக்காவையும்தான் கேட்க வேண்டும்.

நுண்ணோக்கி எழுதியது:

இருவரும் தொடாத ஒன்று. கெரட்டோசிஸ்ட் இளவயதில் வந்தால், அதிலும் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் இருந்தால், கோர்லின் நோய்க்கூட்டு உண்டா என்று பார்க்க வேண்டும். 1960இல் கோர்லினும் கோல்ட்சும் விவரித்த இந்தப் பரம்பரை நோயில் அதே பி.டி.சி.எச். 1 மரபணுதான் பழுதாகியிருக்கும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. வெள்ளைத் தோலினரிடம் இளவயதிலேயே வரும் தோல் புற்றுப் புள்ளிகள் முதலில் காட்டிக்கொடுக்கும். நம்மவர்களின் தோல் நிறத்துக்கு அவை குறைவு, ஆகவே தாடைக் கட்டிதான் பெரும்பாலும் முதல் தடயம். தம்பியின் உள்ளங்கையைச் சற்று நேரம் தண்ணீரில் ஊறவைத்துப் பாருங்கள், ஊசிமுனை அளவுக் குழிகள் தெரிகின்றனவா என்று. நெஞ்சு எக்ஸ்ரேயில் விலா எலும்பு நுனி இரண்டாகப் பிளந்திருக்கிறதா, மண்டை எக்ஸ்ரேயில் மூளையின் நடுச்சவ்வில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்பதையும் மருத்துவர் பார்ப்பார். ஓபிஜியில் மறுபக்கம் சுத்தமாக இருந்தால் பயப்படத் தேவையில்லை, ஆனால் பார்த்துவிடுவது நல்லது.

நாலுந்தெரிந்தவன் எழுதியது:

சென்னையில் ஒரு சிறுவனின் தாடையிலிருந்து நூற்றுக்கணக்கில் பற்களை எடுத்தார்கள் என்று செய்தியில் பார்த்தோமே, அதுவும் இந்த வகைதானா?

நுண்ணோக்கி எழுதியது:

அதே குடும்பம், ஆனால் குணம் வேறு. 2019இல் சென்னையில் ஏழு வயதுச் சிறுவனுக்கு எடுத்தது காம்பவுண்டு ஓடோன்டோமா. 526 சின்னஞ்சிறு பல் உருக்கள் ஒரே பைக்குள் இருந்தன. மும்பையில் 2014இல் 17 வயது இளைஞருக்கு 232 எடுத்தார்கள். எனாமல், பல்லெலும்பு எல்லாம் முறையாக உருவாகி, ஒழுங்கு மட்டும் தவறிய வளர்ச்சி அது. எடுத்துவிட்டால் திரும்புவதில்லை.

கரிசல்மகள் எழுதியது:

உங்கள் விவாதத்தை அச்சடித்துத் தம்பியிடமே கொடுத்துவிட்டேன். ஸ்கேனில் நரம்பு கட்டியின் அடிச்சுவரை ஒட்டியே செல்கிறது. உள்ளங்கையில் குழி எதுவும் இல்லை, மறுபக்கத் தாடையும் நன்றாக இருக்கிறது. கல்லூரி மருத்துவர் இரண்டு வழிகளையும் அவனுக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறார். விடுதியில் இருந்தாலும் கழுவிக்கொள்வேன், உதடு மரத்துப்போவதைவிட அது மேல் என்று குழாய் வைக்கும் முறையைத் தேர்ந்தெடுத்திருக்கிறான். இன்னும் இரண்டு சந்தேகங்கள். இரண்டாவது அறுவையில் எடுப்பதை மறுபடியும் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டுமா? எத்தனை ஆண்டுகள் தொடர்ந்து பார்க்க வேண்டும்?

நுண்ணோக்கி எழுதியது:

கட்டாயம் அனுப்ப வேண்டும். முதலில் எடுத்தது சுவரின் ஒரு மூலை மட்டுமே. முழுக் கட்டியையும் பார்த்தால்தான் வேறொன்று ஒளிந்திருக்கிறதா என்பது உறுதியாகும். எடுத்த உடனே பத்து சதவீத ஃபார்மலினில், திசுவைப்போல் பத்து மடங்குக்குக் குறையாத அளவு ஊற்றி, அகலவாய்ப் புட்டியில் போட வேண்டும். ஸ்பிரிட்டிலோ உப்புநீரிலோ போட்டு அனுப்பினால் செல்கள் சிதைந்து எங்களால் எதுவும் படிக்க முடியாது. பழைய ஸ்லைடின் எண்ணையும் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். குழாய் வைத்திருந்த விவரத்தை எழுத மறந்துவிடாதீர்கள். அந்த உட்படலம் இதற்குள் உருமாறியிருக்கும், தெரியாமல் பார்ப்பவர் இது கெரட்டோசிஸ்டே அல்ல என்று எழுதிவிடக்கூடும்.

பொருநைக்கரை எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு: முதல் ஐந்து ஆண்டுகள் ஆண்டுக்கு ஒரு ஓபிஜி, பிறகு இரண்டாண்டுக்கு ஒருமுறை என்று பத்தாண்டுக்கும் மேலாகப் பார்க்க வேண்டும். திரும்புவதில் பெரும்பகுதி முதல் ஐந்தாறு ஆண்டுகளுக்குள் நிகழ்ந்தாலும், பத்தாண்டு கடந்து வந்தவையும் பதிவாகியுள்ளன. சிறிதாக இருக்கும்போதே அகப்பட்டால் மரத்துப்போகும் ஊசி போட்டு எடுத்துவிடக்கூடிய வேலைதான். இப்போதைய ஓபிஜி, ஸ்கேன், பயாப்சி முடிவு மூன்றையும் தம்பி தன் கைப்பேசியிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளட்டும். படித்து முடித்து வேறு ஊருக்கு வேலைக்குப் போனாலும், அங்குள்ள மருத்துவர் புதிய படத்தை இந்தப் பழைய படத்தோடு வைத்துப் பார்க்க முடியும்.